மூர்த்தி வாங்கிய சிவப்பு வெளிச்சம்

பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றி யார் தோட்டத்து ஆழ்துளைப் போரில் மோட்டார் விழுந்தாலும் ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். வாசலில் நின்று “ஏனுங்க, மூர்த்தியண்ணன் இருக்காருங்களா?” என்று கேட்கிற குரலை வைத்தே எத்தனை அடியில் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என ஊரில் ஒரு பேச்சு. சுத்தப் பொய். மூர்த்திக்கு அப்படிப்பட்ட ஞானம் எதுவும் கிடையாது. அவனிடம் இருந்தது ஒரு முக்காலி, ஒரு கப்பி, நீளக் கயிறு, கோணல்மாணலாக வளைத்த நாலைந்து கொக்கி, முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று, அப்புறம் அவனுடைய வலது கண்.

வேலை என்னவென்றால், ஒரு சாண் அகலக் குழிக்குள் எட்டிப் பார்ப்பது. பூமியை முந்நூறு அடி துளைத்துப் போர் போட்டுவிட்டு வண்டிக்காரன் போய்விடுவான். உள்ளே குழாயில் மோட்டார் தொங்கிக்கொண்டு கிடக்கும். என்றைக்காவது குழாய் அறுந்து மோட்டார் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொக்கி விட்டுத் தூக்க வேண்டுமானால் அறுந்த வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். டார்ச் லைட் பாதி வழியிலேயே களைத்துப்போகும். ஆகவே வெயிலைத்தான் பிடித்து உள்ளே அனுப்புவார்கள். கூட்டாளி ஆரோக்கியதாஸ் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிப்பான். வெயில் அதில் விழுந்து, மடங்கி, வெள்ளைத் தூணாகக் குழிக்குள் இறங்கும். மூர்த்தி குப்புறப் படுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் அந்தத் தூணோடு கீழே போவான்.

இடது கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். பிறந்ததிலிருந்தே அது சோம்பேறி. வீடு, வாசல், மாடு என்று பொத்தாம்பொதுவாகக் காட்டும். அதற்கு மேல் கேட்டால் முணுமுணுக்கும்.

கண்ணாடி சற்றே பிசகினால் வெயில் பளீரென்று மூர்த்தியின் முகத்தில் அடிக்கும். கண்ணுக்குள் பச்சையாக ஒரு கறை மிதக்கும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கரைந்துவிடும். “சூரியன் முத்தம் குடுத்துட்டானுங்ணா” என்பான் ஆரோக்கியதாஸ். போத்தனூர்க்காரன். ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் பக்கத்தில் இருப்பவனிடமும் பிளாட்பாரத்தில் கத்துவதுபோலத்தான் பேசுவான். சிரித்தால் தோளிலிருந்து முழங்கால் வரை அத்தனையும் சேர்ந்து குலுங்கும்.

தொண்ணூற்றொன்பது பங்குனியில் கயிறு வாங்க உக்கடம் போனபோதுதான் மூர்த்தி அதைப் பார்த்தான். அப்துல் முத்தலிப் கடையில் பழைய சாமான்களும் கப்பலில் வந்த சாமான்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அந்தக் குவியலுக்குள் கையை விட்டு, டார்ச் லைட் பருமனில் கறுப்பாக ஒன்றை எடுத்தார் முத்தலிப்.

“இதப் பாத்துட்டு போங்க தம்பி. லேசர்.”

“காலேஜ் பசங்க சாவிக்கொத்துல மாட்டிட்டுத் திரியறானுங்களே, அதுங்களா பாய்?”

“அது கொசு. இது யானை.”

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டின் புகையும் தூசியும் எதிரே இருந்த குளத்தின் மேல் மெல்லிய துணிபோலத் தொங்கின. முத்தலிப் பொத்தானை அமுக்கினார். ஒரு சிவப்புக் கோடு, நூல் பிடித்தாற்போல், கடை வாசலிலிருந்து கிளம்பித் தண்ணீரைத் தாண்டி அக்கரைச் சுவரில் போய் உட்கார்ந்தது. சத்தமில்லை. அத்தனை தூரமும் போய்ச் சேர அதற்கு நேரமே பிடிக்கவில்லை. மூர்த்தி வாயைத் திறந்தவன் மூடவில்லை.

“மேல மஞ்சளா ஒட்டியிருக்குதுங்களே, இங்கிலீசுல. என்னங் பாய் போட்டிருக்குது?”

“அது கம்பெனிக்காரன் அழகுக்கு ஒட்டுனது.”

கயிறு வாங்கப் போனவன் கயிறு வாங்காமல் வந்தான்.

அன்றிலிருந்து மூர்த்தியின் சாயங்காலங்கள் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. பதினைந்து வருடமாகத் தரையில் மூக்கை வைத்துப் பாதாளத்தையே பார்த்த மனிதன் அல்லவா? இப்போது அவனுடைய ஆள்காட்டி விரல் மைல் கணக்கில் நீண்டுவிட்டதுபோல் இருந்தது. பஞ்சாலைப் புகைக்கூண்டைத் தொட்டான். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டான். எட்டாத தென்னை உச்சியில் ஒவ்வொரு தேங்காயாகத் தடவிப் பார்த்தான். வடமேற்கே குருடிமலை நீலமாகக் கரைந்துகொண்டிருக்கும். கோடு அந்தப் பக்கமாய்ப் போய் எங்கேயோ காணாமல் போகும். மலைமேல் பாறையில் போய் நிற்கிறது என்று மூர்த்தி நம்பினான். அங்கே ஏதாவது ஒரு யானை தன் காலடியில் விழுந்த சிவப்புப் புள்ளியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வான். சிலசமயம் படுத்துக்கொண்டு நேரே மேலே காட்டுவான். மேகத்தின் வயிற்றில் ஒரு சிவப்பு மச்சம் வரும். அப்போது தான் கீழே இருக்கிறோமா மேலே இருக்கிறோமா என்பதே அவனுக்குக் குழம்பிவிடும்; வானம் ஒரு பெரிய போர்க்குழியாகவும் தான் அதன் விளிம்பில் குப்புறக் கிடப்பதாகவும் தோன்றும்.

அவன் மனைவி பாவாத்தாளுக்கு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றுகிற வேலை. நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு மல்லாடிவிட்டு வந்து, வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு சிவப்பு வந்து நின்றது.

“ஏனுங் மாமா, என்ற மூஞ்சில என்ன பண்றீங்?”

“பொட்டு வெக்கறேன் அம்மணி. ஆடாம நில்லு.”

“கண்ணுக் கூசுதுங். எடுங்க அக்கட்ட.”

“குங்குமமும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். எந்த ஊட்டுக்காரன் இப்படி மாடில இருந்து பொட்டு வெப்பான்?”

“மாடி ஏறுன ஊட்டுக்காரன் எறங்கி வந்து தண்ணி புடிச்சு வெச்சா நல்லா இருக்கும்ங்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் சிரித்தாள். புள்ளி அவள் காதுத் தோட்டில் பட்டுச் சுவரெல்லாம் சிதறியது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் போன ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒருநாள் அந்தப் புள்ளியை ஓட விட்டான். பஸ் ஒரு பக்கமாய் வெட்டி, ஹாரன் அலறி, புளியமரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து நாலு திசைக்கும் சேர்த்துத் திட்டினார். மூர்த்தி மாடிச் சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பயமா, பள்ளிக்கூடத்தில் ஜன்னல் ஏறிக் குதித்தபோது வந்த சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆரோக்கியதாஸ் வீட்டில் மகள் ஃபெமினாவின் பிறந்தநாள். மூர்த்தி வித்தை காட்டினான். கறுப்புப் பலூனில் புள்ளியை அசையாமல் நிறுத்த, கொஞ்ச நேரத்தில் அது தானாகவே படாரென்று வெடித்தது. பிள்ளைகள் கும்மாளம் போட்டன. ஆரோக்கியதாஸ் மட்டும் கிட்டே வந்து, அவனுக்குத் தெரிந்த மெதுவான குரலில், அதாவது அடுத்த தெரு வரைக்கும் மட்டும் கேட்கிற குரலில், சொன்னான்:

“பலூன் வெடிக்குதுன்னா உள்ள சூடு இருக்குதுங்ணா.”

“சூடு இருந்தா கை சுடோணுமல்லோ? இந்தா பாரு.” உள்ளங்கையில் அடித்துக் காட்டினான் மூர்த்தி. “ஒண்ணுமில்ல. வெளிச்சம்தாண்டா. வெயில வுட வெளிச்சமா இருந்துருமா?”

சித்திரை போய், வைகாசி, ஆனி போய், ஆடி வந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று ஓயாமல் வீசியது. மேகம் தலைக்கு மேலேயே குடியிருந்தது. தூறல் மண்ணை நனைக்காமல் முகத்தை மட்டும் நனைத்தது. அந்த நேரம் பார்த்துப் பாப்பாயக்கா தோட்டத்துப் போரில் மோட்டார் விழுந்தது. குலை தள்ளிய வாழை. தண்ணீர் நின்றால் அவ்வளவும் போச்சு.

பாப்பாயக்கா தன்னந்தனியாகப் பண்ணையம் பார்க்கிறவள். அவள் பேச ஆரம்பித்தால் நடுவில் புள்ளி, கமா எதுவும் வராது.

“ஏஞ்சாமி மூர்த்தி நாலு நாளா வாழை நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது நீ என்னடான்னா வெயில் வரட்டும் வெயில் வரட்டும்ங்கற ஆடி மாசத்துல வெயிலு என்ற அப்பன் ஊட்டு வேலைக்காரனா கூப்புட்டா வாரதுக்கு?”

வெயில் இல்லாவிட்டால் என்ன, நம்மிடம் வேறொன்று இருக்கிறதே என்று மூர்த்திக்குத் தோன்றியது. இடுப்பிலிருந்து லேசரை எடுத்தான்.

நேராகக் குழிக்குள் காட்டியிருக்கலாம். ஆனால் போருக்குள் வெளிச்சம் கண்ணாடி வழியாகத்தான் போகும் என்பது அவன் கைக்குப் படிந்த பழக்கம். தலையைக் குழிமேல் வைத்துப் படுத்தால் கையை நுழைக்க இடமும் இல்லை. ஆகவே வழக்கம்போல் ஆரோக்கியதாஸ் மண்டியிட்டுக் கண்ணாடியைப் பிடித்தான். மூர்த்தி குப்புறப் படுத்து, பக்கவாட்டில் கையை நீட்டிக் கண்ணாடிமேல் லேசரை அடித்தான். சிவப்பு மடங்கிக் குழிக்குள் இறங்கியது. எத்தனை அழகு! வெயில் குழிக்குள் தூணாக இறங்கும். இது கம்பியாக இறங்கியது. குழிச்சுவரின் ஈரம் ரத்தினக்கல்போல மினுங்கியது. ஆழத்தில், வெகு ஆழத்தில், அறுந்த குழாயின் வாய் ஒரு கணம் சிவந்து மறைந்தது.

“தெரியுதாப்பா?” என்றாள் பாப்பாயக்கா, வரப்பிலிருந்து.

மூர்த்திக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தலையைத் தூக்காமல், அவள் குரலிலேயே குழிக்குள் பேசினான்: “ஏஞ்சாமி மோட்டாரு நீ பாட்டுக்கு உள்ள போயிப் படுத்துக்கிட்டா வாழைக்கு யாரு பதில் சொல்றது உன்ற அப்பனா?”

குழி அந்தக் குரலை வாங்கி அப்படியே திருப்பிச் சொன்னது. ஆரோக்கியதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது, முழங்கை குலுங்கியது, கையிலிருந்த கண்ணாடியும் குலுங்கியது.

சிவப்பு ஒன்று மூர்த்தியின் வலது கண்ணுக்குள் வந்து போனது.

வலிக்கவில்லை. சத்தமில்லை. உலகம் ஒரு நொடி செம்பருத்திப் பூவுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

“முத்தமுங்களாண்ணா?”

“ஆமாண்டா. இது வேற ஆளு முத்தம்” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். டீ குடித்தார்கள். கறை இருந்தது. இன்னொரு டீ குடித்தார்கள். இருந்தது. சரி, போகப் போகக் கரையும் என்று மறுபடி படுத்துக் கொக்கியை இறக்கினான். குழாய் வாய் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு நின்றது. விலகிப் பார்த்தால் பொட்டும் கூடவே விலகியது. அனுமானத்தில் கொக்கியை இழுத்தான். எதையோ கவ்வியது, நழுவியது, மோட்டார் இன்னும் ஒரு முழம் கீழே சரிந்து சேற்றில் விழுகிற சத்தம் மேலே வர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

பாப்பாயக்கா காய்ந்த வாழை இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். அவள் பேசாமல் இருந்து மூர்த்தி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்த நாட்களில் அந்தப் பொட்டு அவனோடு நடமாடியது. சட்டியைப் பார்த்தால் சட்டியின் நடுவில் உட்கார்ந்தது. நிலாவைப் பார்த்தால் நிலாவைத் தின்றது. இடது கண்ணை மூடிக்கொண்டு பாவாத்தாளைப் பார்த்தான்: கூந்தல் இருந்தது, தோடு இருந்தது, சேலைத் தலைப்பு இருந்தது, முகம் இருந்த இடத்தில் பனி. முகமில்லாத அந்தப் பெண், “மத்தியானம் சோத்த அப்புடியே வெச்சுப்போட்டீங்?” என்று அவள் குரலில் கேட்டாள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. கண் போனால் கொக்கி போச்சு, கொக்கி போனால் மூர்த்தி என்று ஒருத்தன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தால் ஒருவேளை பொட்டும் சும்மா போய்விடும் என்று நினைத்தான்.

போகவில்லை. கடைசியில் ஆரோக்கியதாஸிடம் மட்டும் சொல்லிவிட்டு, டவுனுக்குப் போய்க் கண் டாக்டரிடம் உட்கார்ந்தான். சின்ன வயதுப் பெண். விளக்கை வைத்து உள்ளே பார்த்தவள், நகர்ந்து உட்கார்ந்து மறுபடி பார்த்தாள்.

“உள்ள நடுவுல தீஞ்சிருக்குங்க. சூரிய கிரகணத்தப் பாத்தீங்களா? வெல்டிங்கா?”

மூர்த்தி மஞ்சள் சீட்டு ஒட்டிய சாமானைச் சொன்னான்.

“வலிச்சுதா?”

“இல்லீங். அதனாலதான் பேசாம இருந்துட்டனுங்.”

“கண்ணுக்குள்ள அந்த எடத்துல வலியே தெரியாதுங்க. கையில பட்டா வெறும் வெளிச்சம்தான். கண்ணுல பட்டா, உள்ள இருக்கற லென்ஸ் அத்தனை வெளிச்சத்தையும் ஊசி முனை அளவுக்குச் சேத்து ஒரே எடத்துல வெச்சுச் சுட்டுரும். நீங்க இமை மூடறதுக்குள்ள முடிஞ்சுரும்.”

“கண்ணாடி போட்டாச் சரியாயிருங்களா?”

அவள் தலையசைத்த விதமே போதுமானதாக இருந்தது. ஓரத்துப் பார்வை இருக்கும், நடுப்பார்வை பெரிதாகத் திரும்பாது என்றாள். பிறகு பேனாவை மூடியபடி சாதாரணமாகக் கேட்டாள்: “வேற யாரு மேலயாவது அடிச்சீங்களா?”

பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. பஸ் டிரைவரின் கண்ணாடி. ஃபெமினாவைச் சுற்றி நின்ற பிள்ளைகள். பாவாத்தாளின் நெற்றி. நெற்றிக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம்? இரண்டு விரல். மாடியிலிருந்து தன் கை இரண்டு விரல் நடுங்காமலா இருந்திருக்கும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவளைப் பிடித்து வாசலில் நிறுத்தினான்.

“ஒரு கண்ண மூடு.”

“சோத்துக்கு ஒல வெச்சிருக்கறனுங்.”

“மூடுன்னா மூடு அம்மணி. அந்தத் தண்ணித் தொட்டில என்ன எழுதியிருக்குது?”

அவள் படித்தாள். கண்ணை மாற்றி மூடச் சொன்னான். மறுபடி படித்தாள், எழுதின பெயிண்டர் விட்ட பிழையோடு சேர்த்து. தொட்டிமேல் காக்கா உட்கார்ந்திருக்கிறதா என்றான். ரெண்டு, ஒன்று கழுத்தைச் சொரிகிறது என்றாள். மூர்த்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னங் மாமா? டாக்டர் ஊட்டுக்குப் போனீங்கன்னு ஆரோக்கியதாஸ் சொல்லிப்போட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பத்து நாளா என்ற மூஞ்சியப் பாக்காம காதப் பாத்துப் பேசிட்டு இருக்கறீங்.”

அவன் சொன்னான். அவள் அழவில்லை. உள்ளே போய் லேசரையும் கட்டிங் பிளேயரையும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

மேற்கே வானம் செக்கச்செவேலென்று இருந்தது. ஒரே ஒரு தடவை, மலைப்பக்கமாக, யாரும் இல்லாத திசையில், என்று அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் போய் நின்றது. ஆசை என்பது கண் போனதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிற சாதி இல்லை. பாவாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினான்.

அப்புறம் எஸ்டிடி பூத்துக்குப் போய் முத்தலிப்புக்குப் போன் போட்டான். அவர் முழுவதும் கேட்டார். “இன்னும் ரெண்டு பீஸ் இருந்துச்சு தம்பி” என்றார். “ஒண்ணு கடையில கெடக்கு. ஒண்ணு…” பேச்சு நின்றது. “ஒண்ணு என் பேரன் எடுத்துட்டுப் போனான்.” போன் மேசைமேல் விழுகிற சத்தமும், செருப்புச் சத்தம் ஓடுவதும் கேட்டன.

பாப்பாயக்கா தோட்டத்தில் மோட்டார் இன்னும் சேற்றில்தான் கிடந்தது. வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மூர்த்தி சொல்லி அனுப்பினான். வந்த பதில்: “வேற ஆளு எறக்குன கொக்கியா அது? விட்டவந்தான் எடுக்கோணும்.” அன்றைக்கென்று மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. பாவாத்தாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

“நீ எங்க வாரே?”

“எத்தன மோட்டாருக்குக் காயில் சுத்தியிருக்கறன். ஒண்ணாவது எங்க போயிக் குடியிருக்குதுன்னு பாத்திருக்கறனா? நான் பாத்துச் சொல்றனுங். நீங்க கொக்கியப் புடிங்க.”

தோட்டத்தில் அவள் குப்புறப் படுத்ததைப் பார்த்துப் பாப்பாயக்கா வாயில் கை வைத்தாள். ஆரோக்கியதாஸ் கண்ணாடியைப் பிடித்தான். இந்தத் தடவை மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தான். வெயில் மடங்கி உள்ளே இறங்கியது.

“என்ன தெரியுது?” என்றான் மூர்த்தி. கயிறு அவன் கையில் இருந்தது. கண் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் அவள் முதுகைப் பார்த்தது.

“இட்லிப் பானைக்குள்ள கரண்டி சாஞ்சு கெடக்குதுங்.”

“எந்தப் பக்கம் சாஞ்சிருக்குது?”

“என்ற வலது தோளுப் பக்கம். இன்னும் எறக்குங். இன்னும். கொஞ்சம் வாழைப் பக்கமா. அய்யோ, அவ்வளவு வேண்டாங்! ஒரு சுத்து, காயில் சுத்தற மாதிரி, மெல்ல. ஆங்… மாட்டிக்கிச்சுங் மாமா! இழுங்!”

மூர்த்தி இழுத்தான். கயிறு விறைத்தது. கப்பி முனகியது. ஆழத்திலிருந்து கனம் ஒன்று பிடிகொடுத்து ஏறுவதை அவன் உள்ளங்கை கண்டுகொண்டது. ஆரோக்கியதாஸ் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றுக்கு ஓடி வந்தான். பாவாத்தாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. வெயில் போய் மங்கிவிட்ட குழிக்குள் இன்னும் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

“எந்திரி அம்மணி, மோட்டார் மேல வருது, மூஞ்சில இடிக்கும்” என்றான்.

“இருங் மாமா. மோட்டார் ஓரமா அடியில தண்ணி தெரியுதுங், காசளவு. அதுக்குள்ள என்னமோ ஆடுது. யாரோ மேல எட்டிப் பாக்கறாப்புல இருக்குதுங்.”

“அது நீதான்.”

“அப்படிங்களா?” என்றாள். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

“பொறவு பாத்துக்கலாம் ரெண்டு பேரும் பேசிட்டே நின்னா வாழை என்ன காதக் குடுத்துக் கேட்டுட்டா நிக்கும் இழுங்கப்பா” என்று பாப்பாயக்கா புள்ளி கமா இல்லாமல் ஆரம்பித்து, கயிற்றின் நுனியைத் தானும் பிடித்துக்கொண்டாள்.